பூசையும் வழக்கமும்: நம்மவர் கேட்ட வினாக்களின் வரலாறு

கத்தோலிக்கர் கோயில்களில் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து மக்கள் வெளிவரும் வேளையில், குருவானவரைச் சூழ்ந்து சிலர் நிற்பதைக் காணலாம். அவர்கள் கேட்கும் வினாக்கள் பார்வைக்கு மிகச் சிறியவை. நன்மை வாங்குவது நாவிலா, கையிலா? எழுந்தேற்றத்தின்போது முழந்தாளிட இடமில்லையாயின் நிற்கலாமா? விடியற்காலையில் காப்பி அருந்திய பின் நன்மை வாங்குதல் தகுமா? பீடத்தருகே மெழுகுதிரி இருந்த இடத்தில் குத்துவிளக்கை வைத்தது யார் கட்டளை? ஆரத்தி எடுப்பது நம் வேதத்திற்கு அடுத்ததா? இவ்வாறு கேட்போரை வேலையற்றவர் என்று நகைப்பவரும் உளர். நாம் அங்ஙனம் நகைப்பதற்கில்லை.

நம் சங்கத்தில் சைவரும் வைணவரும் இசுலாமியரும் கிறித்தவரும் ஒரே பந்தியில் அமர்கின்றனர். ஆதலின், ஒரு சமயத்தார் தம் கோயிலுக்குள் கேட்டுக்கொள்ளும் வினாக்களைப் பொது மலரில் எழுதுவானேன் என்று வாசகர் எண்ணக்கூடும். காரணம் உண்டு. குடுமி, பூணூல், சந்தனம், தாலி, எச்சில், தீட்டு, தேங்காய் உடைத்தல் என நம் வீடுகளில் நாள்தோறும் புழங்கும் இவை யாவும் ஒரு காலத்தில் கோவாவிலும் புதுவையிலும் உரோமாபுரியிலும் நூறாண்டுக்கு மேல் வழக்காடப்பட்டன. பாப்பரசர்கள் பலர் அவற்றிற்குத் தீர்ப்பெழுதினர். தீர்ப்போ ஒன்றாக இல்லை. 1623-இல் ஆம் என்றனர். 1744-இல் இல்லை என்றனர். 1969-இல் வேறு வகையில் மீண்டும் ஆம் என்றனர். விடை கூறியோரே இவ்வாறு மாறி மாறிக் கூறியிருக்க, கேட்போரை அறியாதவர் என்பது நியாயமாகாது.

முதலில் முத்துக்குளித்துறையிலிருந்து தொடங்குவோம். 1535 தொடங்கி ஓரிரு ஆண்டுகளுக்குள் பரதவ மக்கள் பெருந்திரளாக ஞானஸ்நானம் பெற்றனர். பெற்றனரேயன்றி, அவர்கட்குப் போதிக்கத் தமிழறிந்த குரு ஒருவரும் இலர். 1542-இல் வந்த புனித சவேரியார், தமிழும் போர்த்துகீசியமும் ஓரளவு அறிந்தவர்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு, சிலுவை அடையாளம், விசுவாச மந்திரம், பத்துக் கட்டளை முதலியவற்றைத் தமிழாக்கி மனப்பாடம் செய்து, கையில் மணியுடன் தெருத்தெருவாகச் சென்று சிறுவரைக் கூட்டிச் சொல்லிக் கொடுத்தார். அவருக்குப் பின் வந்த அண்டிரிக் அடிகளாரே தமிழை முறையாகக் கற்றவர். 1578-இல் கொல்லத்தில் அவர் அச்சிட்ட ‘தம்பிரான் வணக்கம்’ இந்திய நாட்டில் தமிழ் எழுத்தில் அச்சேறிய முதல் நூல் என்பதை நம்மவர் பலரும் அறிவர். அடுத்த ஆண்டு கொச்சியில் வெளிவந்த ‘கிரீசித்தியானி வணக்கம்’ வினாவிடையாக அமைந்தது என்பதையும், 1580-இல் வந்த ‘கொம்பெசியொனாயரு’ பாவசங்கீர்த்தனம் செய்வது எப்படி என்பதற்கென்றே எழுதப்பட்டது என்பதையும் பலர் கருதிப் பார்ப்பதில்லை. தமிழில் அச்சுக் கலை பிறந்த சில ஆண்டுகளுக்குள், கோயிலில் எவ்வாறு நடந்துகொள்வது என்னும் மக்களின் ஐயத்தைத் தீர்ப்பதற்கே அச்சுப்பொறி சுழன்றிருக்கிறது.

அந்நூல்களின் பெயர்களே அக்காலத்து நிலையைக் காட்டும். வழிபாட்டுச் சொற்கள் பலவும் போர்த்துகீசியத்திலிருந்து அப்படியே வந்தன. பரிசுத்த ஆவியை ‘இஸ்பிரீத்து சாந்து’ என்றே நம் பாட்டிமார் நெடுங்காலம் அழைத்தனர். கடலோரத்தார்க்கு அஃது இடராகத் தோன்றவில்லை. உள்நாட்டில் அவ்வாறில்லை. மதுரையில் கொன்சாலோ பெர்னாந்தசு என்னும் போர்த்துகீசியக் குருவானவர் பல ஆண்டுகள் உழைத்தும், அந்நகரத்து மக்களுள் மனம் மாறியோர் இலர் என்றே கூறலாம். போர்த்துகீசியரை மக்கள் ‘பறங்கியர்’ என்றனர். அச்சொல்லுக்குக் கிறித்தவர் என்பதே பொருளென மயங்கிய துபாசிகள், ஞானஸ்நானம் பெற வருவோரிடம் பறங்கிக் குலத்தில் சேர விருப்பமா என்று கேட்டு வந்தனர்! பூசை விதிகளின் வரலாற்றில் தவறாகக் கேட்கப்பட்ட கேள்விக்கு இதனினும் பெரிய சான்று வேண்டுவதில்லை.

1606-இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நோபிலி என்னும் இத்தாலியர் அக்கேள்வியை நிறுத்தினார். காவியுடை, பாதக்குறடு, மரக்கறி உணவு, தனிக்குடில் என வாழ்வை மாற்றிக்கொண்டார். தமிழுடன் வடமொழியும் தெலுங்கும் கற்றார். தத்துவ போதகர் எனப் பெயர் பெற்றார். போர்த்துகீசியச் சொற்களை விலக்கி, கோயில், பூசை, குரு, வேதம் போன்ற சொற்களைக் கத்தோலிக்கர் வழக்கிற்குக் கொணர்ந்தவர்களுள் அவரே முதல்வர் என்பர். அவரிடம் வந்தோர் கேட்ட கேள்விகள் தெளிவானவை. ஐயா, கிறித்துவை வணங்கினால் குடுமியைக் களைய வேண்டுமா? பூணூலை அறுக்க வேண்டுமா? சந்தனம் பூசலாமா? காலையில் நீராடலாமா? இவை குலத்தையும் நாகரிகத்தையும் காட்டும் அடையாளங்களேயன்றிப் பிற தெய்வ வழிபாடு அல்ல. ஆதலின் களைய வேண்டுவதில்லை என்பது அவர் விடை.

இவ்விடையை உடனிருந்த பெர்னாந்தசு அடிகள் ஏற்கவில்லை. 1610-இல் மேலிடத்திற்கு முறையிட்டார். 1619-இல் கோவாவில் கூடிய சபையில் கோவாப் பேராயரே நோபிலிக்கு எதிராக நின்றார். கொடுங்கல்லூர்ப் பேராயர் ரோசு அவர் பக்கம் நின்றார். முடிவில் 1623 சனவரி 31ஆம் நாள் பாப்பரசர் 15ஆம் கிரகோரியார் ஆணை பிறப்பித்தார். பூணூலும் குடுமியும் சந்தனமும் நீராடலும், பிற சமயச் சடங்கோடு கலவாதவரை, கிறித்தவர்க்கு ஆகும் என்பது அதன் சாரம்.

அதே ஆணையில் இன்னொரு பகுதியும் உண்டு. நோபிலியின் புகழைப் பேசுவோர் பெரும்பாலும் அதனை விட்டுவிடுகின்றனர். உயர்குலத்தார் எனத் தம்மைக் கருதுவோர் தாழ்ந்த நிலையினரை இகழலாகாது; அதிலும் கோயிலினுள் அவர்களிடமிருந்து ஒதுங்கி நின்று வேதம் கேட்பதும் தேவதிரவிய அனுமானங்களைப் பெறுவதும் தகாது என்று பாப்பரசர் வேண்டிக்கொண்டார். பூணூலைப் பற்றிய பகுதி அனுமதியாயிற்று. அதனை நம்மவர் உறுதியாகப் பிடித்துக்கொண்டனர். ஒதுக்கத்தைப் பற்றிய பகுதி வேண்டுகோளாகவே நின்றது. உயர்குலத்தார்க்குத் தனிக்கோயில் எழுந்தது. தாழ்த்தப்பட்டோரிடையே பணியாற்ற 1640 முதல் ‘பண்டாரசாமிகள்’ என்னும் வேறொரு வகைக் குருமார் ஏற்பட்டனர். ஓரியூரில் 1693-இல் உயிர் ஈந்த அருளானந்தர் அவ்வாறு பண்டாரசாமியாக வாழ்ந்தவரே. அவர் போன்றோர் தொண்டு பெரிது. ஆயினும், இரு வகைக் குருமார் வேண்டியிருந்ததே ஒரு குறை என்பதை மறைப்பதற்கில்லை.

நிற்க. எண்பது ஆண்டுகள் கழிந்தன. இப்போது களம் புதுவை. அங்குக் கப்புச்சின் சபையினரும் சேசு சபையினரும் இணங்கி வாழவில்லை. தமிழ்க் கிறித்தவர் பொய்த்தேவர் வழக்கங்களைக் கைக்கொள்கின்றனர், அதற்குச் சேசு சபையார் இடந்தருகின்றனர் என்று உரோமைக்குப் புகார் சென்றது. சீனத்திலும் இத்தகைய வழக்கு இருந்தமையால், பாப்பரசர் துர்னோன் என்பவரைத் தம் தூதராக அனுப்பினார். அவர் 1703 நவம்பர் 6ஆம் நாள் புதுவையில் இறங்கினார். எட்டு மாதம் தங்கினார்; அதிலும் பெரும்பகுதி நோயுற்றுக் கிடந்தார். தமிழறியார், உட்பகுதிக் கிராமங்களைக் கண்டாரில்லை. 1704 சூன் 23 தேதியிட்டுப் பதினாறு விதிகள் கொண்ட ஓர் ஆணையை எழுதி, சூலை 8-இல் வெளியிட்டு, சூலை 11-இல் கப்பலேறிவிட்டார். மாற்றல் உத்தரவு கைக்கு வந்த பின் சுற்றறிக்கை விடும் மேலதிகாரிகளைக் கண்ட நமக்கு இது புதிதாகத் தோன்றவில்லை.

இவ்வழக்கிற்கு மேனாட்டார் ‘மலபார்ச் சடங்குகள்’ எனப் பெயரிட்டனர். அக்காலத்து ஐரோப்பியர் தமிழரை மலபாரிகள் என்றமையால் வந்த பெயர் இது. மலையாள நாட்டிற்கும் இதற்கும் தொடர்பில்லை. நம் கேரள நண்பர்கள் இப்பழியை ஏற்க வேண்டுவதில்லை.

அப்பதினாறு விதிகளுள் முதலில் நிற்பது ஞானஸ்நானம் பற்றியது. உரோமைச் சடங்கின்படி ஞானஸ்நானத்தில் குருவானவர் தம் உமிழ்நீரை விரலால் தொட்டுக் குழந்தையின் காதிலும் மூக்கிலும் வைப்பார். செவிடனும் திக்குவாயனுமாகிய ஒருவனைக் கிறித்து உமிழ்நீரால் தொட்டுக் குணப்படுத்தியதாக மாற்கு நற்செய்தியின் 7ஆம் அதிகாரம் கூறுவதன் நினைவு அது. நம்மவர் கண்ணுக்கோ அது எச்சில். தாய் உண்ட இலையையும் தொடத் தயங்கும் வீட்டில், பிறந்த பிள்ளையின் முகத்தில் அன்னியர் ஒருவர் எச்சிலை வைத்தால் பெற்றோர் மனம் என்ன பாடுபடும்? குருமார் அதனை உணர்ந்து உமிழ்நீரை விட்டுவிட்டுச் சடங்கை நடத்தி வந்தனர். துர்னோன் அது கூடாதென்றார். உப்பும் ஊதுதலும் உமிழ்நீரும் ஒன்றும் விடாமல் நடைபெற வேண்டும் என்றார்.

தாலியைப் பற்றியும் விதி வந்தது. பிள்ளையார் உருவம் பொறித்த தாலி ஆகாது. சிலுவையோ கிறித்துவின் உருவமோ தேவமாதாவின் உருவமோ பொறித்ததாக இருத்தல் வேண்டும். மஞ்சள் தோய்த்த 108 இழைக் கயிறும் ஆகாது. மணவீட்டில் தேங்காய் உடைத்துச் சகுனம் பார்த்தல் ஆகாது. பெண் பூப்பெய்தியதை ஊரறியக் கொண்டாடுதல் ஆகாது. திருநீறும் நெற்றிக்குறிகளும் ஆகா. கிறித்தவ மேளக்காரர் பிற கோயில் விழாக்களில் வாசித்தலும் ஆகாது. இன்று கத்தோலிக்க வீடுகளில் சிலுவைத் தாலியைக் காண்போர் அதன் பின்னே இவ்வளவு பெரிய வழக்கு இருந்ததென்று எண்ணமாட்டார்.

துர்னோன் விதித்தவை யாவும் நம் வழக்கத்தை அறியாதவரின் கடுமை என்று சொல்லிவிட முடியுமாயின் இக்கட்டுரை எளிதில் முடிந்திருக்கும். அவ்வாறில்லை. மாதவிலக்கான பெண்களைக் கோயிலுக்குள் வரவும் பாவசங்கீர்த்தனம் செய்யவும் விடாத வழக்கத்தை அவர் கண்டித்தார். பறையர் வீட்டில் ஒருவர் சாகுந்தறுவாயில் கிடந்தாலும் குருவானவர் அக்குடிசைக்குள் செல்லாமல், நோயாளியைக் கோயிலுக்குச் சுமந்து வரச் செய்யும் வழக்கம் இருந்தது. அதனையும் அவர் கண்டித்து, குரு தாமே அவ்வீட்டிற்குச் சென்று அவஸ்தை பூசுதலைத் தர வேண்டும் என்றார். உமிழ்நீர் விதிக்கு எதிராக வாதாடிய அதே நாவினரே இவ்விதிக்கும் எதிராக வாதாடினர். குடிசைக்குள் நுழைந்தால் உயர்குலத்தார் விலகிவிடுவர் என்பது அவர் வாதம். முன்னதில் நம் மனம் அவர்களோடு நிற்கிறது. பின்னதில் துர்னோனோடுதான் நிற்கிறது. ஒரே ஆணையில் இரண்டும் இருந்தமையே இவ்வழக்கின் சிக்கல்.

வழக்கு மேலும் நாற்பது ஆண்டு நீடித்தது. 12ஆம் கிளமெந்து பாப்பரசர் 1734-இலும் 1739-இலும் ஆணையிட்டார். 14ஆம் ஆசீர்வாதப்பர் 1744 செப்டம்பர் 12-இல் இறுதித் தீர்ப்பு வழங்கினார். துர்னோனின் விதிகள் பெரும்பாலும் நிலைபெற்றன. தாழ்த்தப்பட்டோர்க்கெனத் தனிக் குருமாரை ஒதுக்கும் ஏற்பாட்டை மட்டும் பாப்பரசர் ஏற்றுக்கொண்டார். இந்நாட்டிற்கு வரும் குருமார் ஒவ்வொருவரும் இத்தீர்ப்பைக் காப்பதாக ஆணை செய்து கொடுக்க வேண்டும் என்றும் ஆயிற்று. அவ்வாணை 1940 வரை, அஃதாவது ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள், நடைமுறையில் இருந்தது.

தனிக்குருமார் இருந்தபோது தனிச்சுவரும் எழுந்தது வியப்பன்று. திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் ஒரே கோயிலை இரு பிரிவாகக் கட்டி, நடுவே சுவரிட்டு, பீடம் மட்டும் இரு சாராரும் காணுமாறு அமைத்தனர். 1910-இல் அச்சுவர் இடிக்கப்பட்டது. தனியிடம் எமது உரிமை என்று உயர்குலத்தார் வழக்குத் தொடுத்தனர். சென்னை உயர் நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. பூசையில் யார் எங்கே அமர்வது என்ற வினா, ஒருவர்க்கு ஒழுங்கைப் பற்றியது. அடுத்தவர்க்கு மானத்தைப் பற்றியது. ‘தகுந்த முறை எது’ என்று கேட்பவர் யார் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்பதற்காக இதனைக் கூறினோம்.

இவ்வளவு வழக்காடிய காலம் முழுவதும் பூசை இலத்தீனிலேயே நடந்தது. குருவானவர் பீடத்தை நோக்கி நின்று மெல்லிய குரலில் ஓதுவார். மக்கள் செபமாலை சொல்வர்; உபதேசியார் உரத்த குரலில் தமிழ்ச் செபங்களை வாசிப்பார்; மணியோசை கேட்டதும் அனைவரும் தலை தாழ்த்துவர். ஐயம் தீர்க்கும் அதிகாரம் பல சிற்றூர்களில் உபதேசியாரிடமே இருந்தது. குருவானவர் ஆண்டில் சில முறையே வருவாராகலின், பிள்ளைக்கு எப்பெயர் இடலாம், இறந்தவர்க்கு எச்செபம் சொல்லலாம் என்பதெல்லாம் அவர் வாய்ச்சொல்லே. உபதேசியார்க்கென்றே வீரமாமுனிவர் ‘வேதியர் ஒழுக்கம்’ என்னும் நூலை எழுதியது அப்பொறுப்பின் அருமை கருதியே.

அந்நாளைய வினாக்களுள் இரயில்வேக் குடும்பங்களை வருத்திய ஒன்றைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. நன்மை வாங்குபவர் நள்ளிரவு முதல் ஒரு துளி நீரும் அருந்தலாகாது என்பது விதி. இரவு முறை பார்த்து, கரியிலும் புகையிலும் நின்று, காலை எட்டு மணிக்கு இறங்கும் ஒருவர் என்ன செய்வார்? நாவறண்டு நின்று நன்மை வாங்க வேண்டும். அன்றேல் நீர் அருந்திவிட்டு வாங்காமல் வர வேண்டும். மாலைப் பூசையும் அக்காலத்தில் இல்லை. 1953 சனவரியில் 12ஆம் பத்திநாதர், தண்ணீர் உபவாசத்தை முறிக்காது என்றார். மாலைப் பூசைக்கும் வழி திறந்தார். 1957-இல் நள்ளிரவு விதியே நீங்கி, உணவுக்கு மூன்று மணி நேரம் என்றாயிற்று. 1964 நவம்பரில் ஒரு மணி நேரமாகச் சுருங்கியது. அதுவே இன்றும் விதி. தண்ணீரும் மருந்தும் எந்நேரமும் ஆகும். முதியோரும் நோயாளிகளும் அவர்களைப் பேணுவோரும் அந்த ஒரு மணி நேரக் கணக்கையும் பார்க்க வேண்டுவதில்லை. ஆகவே, காப்பியைப் பற்றிக் கேட்பவர்க்கு விடை: நன்மை வாங்கும் நேரத்திற்கு ஒரு மணி முன்பாக அருந்தலாம்.

இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் வழிபாட்டுச் சாசனம் 1963 டிசம்பர் 4-இல் வெளிவந்தது. தாய்மொழி வழிபாட்டிற்கு அது கதவைத் திறந்தது. மக்களினங்களின் வழக்கங்களுள் மூடநம்பிக்கையோடு பின்னிப் பிணையாதவற்றை வழிபாட்டினுள்ளும் ஏற்கலாம் என்றது. அடுத்த ஆண்டு டிசம்பரில் 6ஆம் சின்னப்பர் பம்பாய்க்கே வந்து நற்கருணை மாநாட்டில் கலந்துகொண்டார். நம் நாட்டில் இம்மாற்றத்தை முன்னின்று நடத்தியவர் இருவர்: பேராயர் லூர்துசாமி, அவர்தம் இளவல் அமலோர்பவதாஸ். இருவரும் தென்னார்க்காட்டுக் கல்லேரியில் பிறந்த தமிழர். மூத்தவர் பின்னர்க் கர்தினாலாகி உரோமையில் பணியாற்றி 2014-இல் மறைந்தார். இளையவர் 1967-இல் பெங்களூரில் தேசிய விவிலிய, மறைக்கல்வி, திருவழிபாட்டு மையத்தைத் தொடங்கினார்.

1969 ஏப்ரல் 25-இல் இந்திய ஆயர்கள் கேட்டுக்கொண்ட பன்னிரண்டு மாற்றங்களுக்கு உரோமை இசைந்தது. தரையில் அமர்ந்து பூசை காணலாம், காலணியைக் களையலாம். முழந்தாளிடுவதற்குப் பதிலாகக் கைகூப்பி வணங்கலாம். பீடத்தை முத்தமிடாமல் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். சமாதானத்தைக் கைகூப்பித் தெரிவிக்கலாம். மெழுகுதிரிக்குப் பதில் எண்ணெய் விளக்கு ஏற்றலாம். குருவானவரை ஆரத்தி எடுத்து வரவேற்கலாம். காணிக்கையின்போதும் நற்கருணை மன்றாட்டின் முடிவிலும் மலராலும் தூபத்தாலும் தீபத்தாலும் ஆரத்தி எடுக்கலாம். 1744-இல் தேங்காய்க்கும் சந்தனத்துக்கும் அஞ்சிய உரோமை, 225 ஆண்டு கழித்து ஆரத்தித் தட்டுக்கு இசைந்தது! அதே 1969-இல் வெளிவந்த புதிய குழந்தை ஞானஸ்நானச் சடங்கில் உமிழ்நீரும் இல்லை. காதையும் வாயையும் பெருவிரலால் தொடுவதோடு சரி. அதுவும் விருப்பத்திற்கு உட்பட்டது. எச்சிலுக்கு அஞ்சிய அந்நாளைத் தாய்மார் இதனைக் காண இருந்திருக்கலாம்.

மக்கள் மகிழ்ந்தனரா? பலர் மகிழவில்லை. கோயிலை இந்துக் கோயிலாக்குகின்றனர் என்று பல நகரங்களிலும் குரல் எழுந்தது. இலத்தீனை இழந்தோம் என வருந்தினோரும் உண்டு. இருநூறாண்டுகளாக விளக்கும் ஆரத்தியும் பிற சமயத்தார்க்குரியவை என்று போதிக்கப்பட்ட மக்களிடம், ஒரு நாள் காலையில் அவை ஆகும் என்றால் எவ்வாறு ஏற்பர்? பிற சமய நூல்களைப் பூசையில் வாசிப்பதையும், ஒப்புதல் பெறாத இந்திய நற்கருணை மன்றாட்டையும் 1975-இல் உரோமையே நிறுத்தியது.

1980-களில் வேறொரு வினா எழுந்தது. அதனைக் கேட்டோர் தலித் கிறித்தவர். இந்திய முறை என்கிறீர்களே, யாருடைய இந்தியா? வடமொழி மந்திரமும் காவியும் தனித்தட்டும் எம்மை வாயிலுக்கு வெளியே நிறுத்தியவர்களின் முறையல்லவா? பறை எங்கே? என்று கேட்டனர். நோபிலி காலத்தில் விடை பெறாமல் நின்ற பகுதிதான் இவ்வாறு மீண்டும் வந்தது. இதற்குப் பின்னரே பல பங்குகளில் பறையோசை பூசைக்குள் நுழைந்தது. பன்னிரண்டு மாற்றங்களைவிட நம் மனத்தை மிகுதியும் தொடுவது இதுவே.

சொற்களும் மாறின. சர்வேசுரன் இறைவன் ஆனார். ஞானஸ்நானம் திருமுழுக்கு ஆயிற்று. பூசை திருப்பலி ஆயிற்று. நாம் இக்கட்டுரையில் பழஞ்சொற்களையே ஆண்டோம். நம் குடியிருப்பு முதியோர் நாவில் இன்றும் அவையே வாழ்கின்றன.

தமிழகத்திற்கு வெளியே வாழ்வோர்க்கு இவ்வினாக்களோடு வேறு சிலவும் சேர்கின்றன. இங்குள்ள பங்கில் பூசை இந்தியிலோ ஆங்கிலத்திலோ நடக்கிறது. தமிழ்ப் பூசை மாதம் ஒரு முறை கிடைப்பதே அரிது. புரியாத மொழிப் பூசை கடன் தீர்க்குமா? தீர்க்கும். அண்டையில் உள்ளது மலையாளிகளின் சீரோ மலபார்க் கோயிலாயின்? 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 1248ஆம் விதிப்படி, எந்தக் கத்தோலிக்க வழிபாட்டு முறையில் நிகழும் பூசையும் ஞாயிற்றுக் கடனைத் தீர்க்கும்; முன்னாள் மாலைப் பூசையும் தீர்க்கும். நன்மையை நாவில் வாங்க விரும்புவோர்க்கு அவ்வுரிமை எங்கும் உண்டு. கையில் வாங்குதல் அனுமதி பெற்ற இடங்களில் ஆகும். பெண்கள் முக்காடிட வேண்டும் என்பது 1917ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்தது. 1983ஆம் ஆண்டுச் சட்டத்தில் இல்லை. முந்தானையால் தலை மூடும் நம் பெண்டிரின் வழக்கம் விதியாலன்று, விருப்பத்தால் நிற்பது. பெரிய வியாழனன்று பெண்களின் பாதங்களையும் கழுவலாம் என்பது 2016 சனவரி முதல் விதி. தாலி கட்டும் சடங்கைக் காணாத வடநாட்டுக் குருவானவர் தயங்கினால், அவ்வவ்விடத்து நல்ல திருமண வழக்கங்களைப் பேண வேண்டும் என்று 1963ஆம் ஆண்டுச் சாசனத்தின் 77ஆம் பகுதியே கூறுவதைப் பணிவுடன் எடுத்துக் காட்டலாம்.

நம்மவர் பலரும் கேட்கக் கூசும் வினா ஒன்று உண்டு. ஊரிலிருந்து மகன் வீட்டிற்கு வந்திருக்கும் அன்னையார் தமிழன்றி வேறு மொழி அறியார். பங்குக் குருவானவர் தமிழறியார். பாஸ்கா காலம் வந்துவிட்டது. பாவசங்கீர்த்தனம் செய்வது எவ்வாறு? இது முத்துக்குளித்துறையின் முதல் வினா. அண்டிரிக் அடிகளார் தமிழ் கற்பதற்கு முன்னர் அங்கும் துபாசி வழியாகவே யாவும் நடந்தன. சட்டத்தின் 990ஆம் விதி, விரும்புவோர் மொழிபெயர்ப்பாளர் ஒருவரை வைத்துப் பாவசங்கீர்த்தனம் செய்யலாம் என்கிறது. வீட்டு மருமகளைத்தான் அழைக்க வேண்டும் என்பதில்லை. அன்னையார் நம்பும் எவரையும் அழைக்கலாம். கேட்டதை வெளியிடாமல் காக்கும் கடமை குருவானவர்க்கு மட்டுமன்று, அம்மொழிபெயர்ப்பாளர்க்கும் உண்டென்று 983ஆம் விதி கூறுகிறது.